ஒரே எஞ்சினில் நான்கு சிவப்பு

பத்து நாள் உட்கார்ந்து கணினியில் செய்த ஆயில் எஞ்சினின் முப்பரிமாண மாடல் அது. ஒற்றை சிலிண்டர், இரண்டு பக்கமும் ஆளுயரத்தில் பாதி வரும் பிளைவீல், நிமிடத்துக்கு 650 சுற்று ஓடும் பழைய வகை. போல்ட்டின் மரை வரைக்கும் அளவெடுத்துச் செய்திருந்தேன். வாடிக்கையாளரிடமிருந்து பதில் ஒரே வரியில் வந்தது: ஓடி ஓய்ந்த எஞ்சினைக் கேட்டேன், குளத்தில் கிடந்ததை அனுப்பியிருக்கிறீர்கள்.

அன்று முழுக்கக் கோபம். மறுநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்புகள் எல்லாம் ஒரே அளவு தேய்ந்திருந்தன. பள்ளங்கள் எல்லாம் ஒரே அளவு துருவேறியிருந்தன. கைபடும் கைப்பிடிக்கும் கையே எட்டாத அடிப்பாகத்துக்கும் வித்தியாசமே இல்லை. மனிதர் சொன்னது சரிதான்.

காரைக்குடியிலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் அதிகம் காணும் பிழையும் இதுவே. மாடலுக்கு நிறமும் அழுக்கும் பூசும் மென்பொருளான சப்ஸ்டன்ஸ் பெயிண்டரில் தயாராக இருக்கும் துருப்பிடித்த இரும்பை இழுத்துப் போட்டால் நொடியில் பழையதாகிவிடுகிறது. அந்த மென்பொருள் பார்ப்பது வடிவத்தை மட்டும். எது மேடு, எது பள்ளம் என்று கணக்கிட்டு மேட்டைத் தேய்க்கும், பள்ளத்தில் அழுக்கை வைக்கும். அந்த இயந்திரத்தைத் தினமும் யார் தொட்டார், எங்கே டீசல் கசிந்தது, கூரை எந்த இடத்தில் ஒழுகியது என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரியும்? மாடல் செய்யும் மென்பொருளான பிளெண்டரில், மேடு பள்ளம் கண்டுபிடிக்கப் பலரும் நம்பும் பாயின்டினெஸ் என்ற வசதி இன்னும் மோசம். அது வெர்டெக்ஸ், அதாவது மாடலின் வலைப்பின்னலில் உள்ள புள்ளிகளின், எண்ணிக்கையை நம்பியிருப்பது. அந்த வலை (மெஷ்) நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஒரு விதமாகவும், விரிந்திருக்கும் இடத்தில் வேறு விதமாகவும் காட்டும்.

எனவே பள்ளத்தூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு ரைஸ் மில்லுக்குப் போனேன். அங்கே எஞ்சின் டிரைவராக இருந்த பெரியவர் சாவியோடு வந்தார். இரும்பு உருக்கி வார்த்த அதே வகை எஞ்சின். பச்சை பெயின்ட். பார்த்ததும் "நிறையத் துருப்பிடித்துவிட்டது ஐயா" என்றேன். "எது தம்பி துரு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியே அன்றைய பொழுது போயிற்று. அந்த எஞ்சினில் நான்கு சிவப்பு இருந்தது. நான்கையும் ஒன்றாகக் கலந்து துரு என்று பூசியதுதான் என் பிழை.

முதலாவது செம்மண். செட்டிநாட்டில் காற்று அடித்தால் எந்தப் பொருளின் மேலும் ஒரு செம்படலம் வந்து உட்கார்ந்துவிடும். புகைப்படத்தில் பார்த்தால் துரு போலவே இருக்கும். விரலால் தடவினால் வந்துவிடும். இது வானம் பார்த்த பரப்பில்தான் படியும், செங்குத்தான பக்கத்தில் நிற்காது. எண்ணெய் இருந்த இடத்தில் மட்டும் பக்கவாட்டிலும் ஒட்டி, ஊறி, கறுத்துவிடும். அந்த மில்லில் தவிட்டுத் தூசியும் சேர்ந்து தோசைக்கல்லின் ஓரத்துப் பிசுக்கைப் போலக் கெட்டியாகியிருந்தது. கணினியில் இதை மேல்நோக்கிய பரப்பை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்கும் மாஸ்க்கில் வைக்க வேண்டும், பள்ளத்தைத் தேடும் மாஸ்க்கில் அல்ல.

இரண்டாவது ரெட் ஆக்ஸைடு பிரைமர், பெயின்ட்டுக்கு முன் இரும்பில் பூசும் சிவப்பு அடிப்பூச்சு. பச்சை உதிர்ந்த இடத்தில் பச்சைக்கும் இரும்புக்கும் நடுவில் மெல்லிய சிவப்பு வளையமாகத் தெரியும். நிறம் சீரானது, புள்ளியோ மேடோ இல்லை. அதற்கும் கீழே, வார்ப்பின் சொரசொரப்பை மறைக்கப் பூசிய பட்டி சாம்பல் நிறத்தில் தெரிந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இந்த அடுக்கு விஷயத்தை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். சுவீடனிலிருந்து வந்த எனாமல் பாத்திரம் எங்காவது தெறித்திருந்தால் உற்றுப் பாருங்கள். வெள்ளை, அதனடியில் கறுத்த அடிப்பூச்சு, நடுவில் துருப்பொட்டு. மூன்றும் படிக்கட்டு மாதிரி இறங்கும். வெள்ளையிலிருந்து நேரே துருவுக்குத் தாவினால் கண் நம்பாது.

மூன்றாவதுதான் துரு. வேடிக்கை என்னவென்றால் செம்மண்ணின் நிறமும், பிரைமரின் நிறமும், துருவின் நிறமும் இரும்பு ஆக்சைடு தந்தவைதான். நிறத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவதற்குக் காரணம் அதுதான். துருவை அடையாளம் காட்டுவது அதன் பருமன். இரும்பு துருவாகும்போது பருத்துவிடும், மேலே உள்ள பெயின்ட்டைக் கொப்புளம் போலத் தூக்கி உடைக்கும். ஆகவே துரு இருக்கும் இடத்தில் பரப்பு மேடாக வேண்டும், பெயின்ட்டின் ஓரம் சுருண்டு நிற்க வேண்டும். புதுத்துரு ஆரஞ்சு, பழந்துரு கரும்பழுப்பு. மழைநீர் கரைத்துக்கொண்டு இறக்கிய துருக்கறை வேறு விஷயம். கறைக்குப் பருமன் கிடையாது, பெயின்ட்டின் மேலேயே சாயம்போல ஓடும். துருவையும் துருக்கறையையும் ஒரே லேயரில் வைக்கிறவர்களை நான் இப்போதெல்லாம் திட்டுகிறேன், மூன்று ஆண்டுக்கு முன்பு நானும் அதைத்தான் செய்தேன் என்பதை மறந்துவிட்டு.

துருவுக்கு நம் ஊர் அந்நியமல்ல. 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்து வரவழைத்த நிறுவனம். உலோக அரிமானம், அதாவது உலோகம் அரித்துப்போவது, அதன் முக்கிய ஆய்வுகளில் ஒன்று. கடலோர அரிமானத்தைச் சோதிக்க அவர்கள் ராமேசுவரம் பக்கத்துக் கடற்கரை ஊரான மண்டபத்துக்குப் போனதில் நமக்கும் பாடம் இருக்கிறது. உப்புக்காற்று துருவை விரட்டி வளர்க்கும். மண்டபத்தில் எடுத்த துருப்படத்தைப் பள்ளத்தூர் எஞ்சினில் ஒட்டினால் ஊர் மாறிவிடும். இங்கே ஆண்டில் பெரும்பகுதி வறட்சி. ஐப்பசி கார்த்திகையில்தான் பெருமழை. துரு எல்லா இடத்திலும் வராது, ஒழுகும் ஓட்டுக்குக் கீழேதான் வரும். அந்த மில்லில் எஞ்சினின் இடது பாதம் மட்டும் அரித்துப்போயிருந்தது. அண்ணாந்து பார்த்தால் நேர் மேலே கூரையில் ஒரு வட்ட வெளிச்சம்.

நான்காவது சிவப்பு குங்குமம். ஆயுத பூசை தவறாமல் சந்தனம் தடவிப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. சந்தனம் காய்ந்து வெடித்து, குங்குமம் ரோஜா நிறத்துக்கு வெளுத்து, ஓரத்தில் எண்ணெய் ஊறியிருந்தது. அழுக்கையும் துருவையும் தானாகப் பூசும் எந்த மென்பொருள் வசதியும் இதைத் தராது. விரல் அளவில், கையால்தான் வரைய வேண்டும்.

இனி ஓட்டத்தின் அடையாளங்கள். என் மாடலில் பிளைவீல் முழுக்கக் கறை மேலிருந்து கீழே ஒழுகியிருந்தது. ஓடும் சக்கரத்தில் எண்ணெய் அப்படி ஒழுகாது. நடுக் குடத்திலிருந்து விளிம்பை நோக்கி எல்லாத் திசையிலும் வீசி எறியப்படும். கீழ்நோக்கிய ஒழுக்கு எஞ்சின் நின்ற பிறகு வந்தது, அது இரண்டாவது அடுக்கு. பெல்ட் ஓடிய புல்லியின் முகம் இன்றும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, அதன் பக்கம் மட்டும் கறுப்பு. சுற்றும் ஹேண்டிலின் பிடி உள்ளங்கை பட்டு வழவழப்பாகியிருந்தது. சிலிண்டர் தலையருகே தண்ணீர் கசிந்த இடத்தில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. ஆறு நட்டில் ஒன்று மட்டும் புதிது. மற்ற ஐந்தின் முனைகளும் பொருந்தாத ஸ்பேனரால் உருண்டுபோயிருந்தன.

தொழில்நுட்பப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துரு உலோகமல்ல. பெயின்ட்டும் தூசியும் அல்ல. எது உலோகம், எது அல்ல என்று கணினிக்குச் சொல்லும் மெட்டாலிக் மேப்பில் இவற்றுக்கு மதிப்பு 0, பெல்ட் தேய்த்த இரும்புக்கு 1. பயந்துகொண்டு 0.5 வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பித்தளை சிவப்பாகத் துருப்பிடிக்காது, பச்சையாகக் களிம்பேறும். துத்தநாகம் பூசிய தகரத்தில் சிறு கீறல் உடனே துருவாகாது, துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கும். முதலில் சாம்பல் வெள்ளையாக மங்கும், பிறகு ஆணி அடித்த துளையிலும் தகரம் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பிலும் துரு தொடங்கும்.

பரப்பின் சொரசொரப்பை எண்ணாகச் சொல்லும் ரஃப்னெஸ் மேப்பை நிறப்படமாகப் படிக்க விடாதீர்கள், நிறமல்ல என்று சொல்லும் நான்-கலர் அமைப்புக்கு மாற்றுங்கள். இதை மறந்து ஒரு வாரம் இழந்திருக்கிறேன். நிறப்படங்களுக்கான எஸ்ஆர்ஜிபி முறையில் படித்தால் 0.5 என்ற மதிப்பு ஏறத்தாழ 0.21 ஆகி, பரப்பு வழவழப்பாகிவிடும். காய்ந்த துருவெல்லாம் ஈரம் பட்டதுபோல மினுக்கும். நான் நிறத்தில் குறை என்று நினைத்து நிறத்தையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பரப்பு பழையதாகத் தெரிவதில் பெரும்பங்கு ரஃப்னெஸுக்குத்தான். நிறத்தை முழுக்கச் சாம்பலாக்கி, வெறும் பளபளப்பை மட்டும் வைத்து எது எண்ணெய், எது தூசி, எது துரு என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

படம் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. பழைய பெயின்ட்டில் நச்சான ஈயம் (லெட்) இருக்கலாம். அடியில் என்ன நிறம் என்று பார்க்கச் சுரண்டாதீர்கள், உதிர்ந்த இடமே போதும். கடைகளில் பழசு என்று விற்கும் இரும்பையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். உப்புநீரும் அமிலமும் தெளித்துச் சில நாளில் வரவழைத்த துரு பொருள் முழுக்க ஒரே நிறமாக இருக்கும், தேய்வு எங்கேயும் இருக்காது. என் முதல் மாடலும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாவது மாடலை முடித்ததும் வாடிக்கையாளருக்கு முன்பே மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பள்ளத்தூர் போனேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். திருப்பிக் காட்டச் சொன்னார். பொட்டு இருப்பதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு டீசல் டேங்கின் மேல்பரப்பில் விரலை வைத்தார்.

"கேன் வைத்த தடம் எங்கே தம்பி?"

எழுந்துபோய்ப் பார்த்தோம். டேங்கின் மேல், செம்மண் படலத்துக்கு அடியில், எண்ணெய்க் கேனை ஆண்டுக்கணக்கில் வைத்து எடுத்த கறுப்பு வட்டம் இருந்தது. நான் எடுத்த இருநூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றில்கூட அது விழவில்லை. அன்றிரவே வரைந்து சேர்த்தேன். முழு வட்டமாக அல்ல. கேனின் அடி ஒரு பக்கம் நசுங்கியது என்று அவர் சொல்லியிருந்தார்.