சித்தப்பா படகா, சம்மாட்டி படகா? கடலுக்குப் போகும் சிறுவர்களும் சட்டமும்

1986இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் சில தொழில்களில் மட்டும்தான் தடை போட்டது. 14 வயது நிறையாத எவரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது என்று 2016 திருத்தம்தான் சொன்னது. 18 நிறையாதவர்களுக்கு அபாயத் தொழில்கள் தடையாயின. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு விலக்கையும் அதே திருத்தம் வைத்தது. பாம்பன், மண்டபம், தொண்டி என்று நம் கரையில் புகார்கள் முட்டி நிற்பது அங்கேதான். "பையன் சித்தப்பாவோடதான் வந்தான் சார்" என்றதும் பலர் பேச்சை விட்டுவிடுகிறார்கள். விடத் தேவையில்லை.

அப்பா, அம்மா, உடன்பிறந்தோர், அப்பா அம்மாவின் உடன்பிறந்தோர்: சட்டம் சொல்லும் குடும்பம் இவ்வளவே. சித்தப்பா படகு இதற்குள் வரும், சம்மாட்டி (படகு முதலாளி) படகு வராது. அப்பா அதில் கூலிக்குப் போனாலும் வராது. சொந்தப் படகே என்றாலும் 2017 விதிகள் நேரத்தைக் கட்டுகின்றன. இரவு 7 முதல் காலை 8 வரை எந்த உதவியும் கூடாது, ஒரு நாளைக்கு ஓய்வு நீங்கலாக 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது, பெரியவருக்குப் பதிலாளாகவும் நிறுத்தக் கூடாது. இரவில் வலை விட்டு விடியலில் கரை சேரும் எந்தத் தொழிலும் இந்தக் கணக்கில் அடங்காது. விசைப்படகு மீன்பிடிப்பும் உப்பள வேலையும் அபாயப் பட்டியலில் இருப்பதால் அவற்றில் குடும்ப விலக்கே கிடையாது.

கவனிக்க வேண்டிய மாதம் ஜூன். 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் 14ஆம் தேதி முடிந்து படகுகள் கிளம்புகின்றன, பள்ளி திறப்பதும் அதை ஒட்டித்தான். 30 நாள் தொடர்ந்து தகவலின்றி வராத மாணவரைப் பற்றித் தலைமையாசிரியர் இதற்கெனப் பொறுப்பளிக்கப்பட்ட அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். நடுவில் ஒருநாள் வந்து உட்கார்ந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே ஆசிரியர்களே, முதல் வாரத்திலேயே வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்.

புகாருக்குக் குழந்தைகள் உதவி எண் 1098, எந்நேரமும். உங்கள் பெயர் சொல்ல வேண்டியதில்லை. படகின் பதிவெண், இறங்குதளம், கரை சேரும் நேரம் மூன்றையும் சொல்லுங்கள். "ஏதோ ஒரு படகு" என்றால் தேடிப் பிடிப்பதற்குள் அது மறுபடி கடலில் இருக்கும். மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன் நிறுத்த வேண்டும். "பதினெட்டு ஆயிருச்சு" என்று உரிமையாளர் சொன்னால் வயதுக்கு முதல் ஆதாரம் பள்ளிச் சான்று அல்லது தேர்வு வாரியச் சான்று, அது இல்லையென்றால் உள்ளாட்சி தந்த பிறப்புச் சான்று, எலும்புப் பரிசோதனை கடைசி வழி.

எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்புவதோடு பல வழக்குகள் முடிந்துபோவது வேதனை. வேலைக்கு வைத்தவர் மீது நீதிமன்ற உத்தரவின்றியே காவல்துறை வழக்குப் பதியலாம். ஆறு மாதம் முதல் இரண்டாண்டு சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். முன்பணத்துக்கு ஈடாகப் பையனைப் பிடித்து வைத்திருந்தால் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் கடன் சட்டப்படி ரத்து. வசூலாகும் அபராதத்தோடு அரசு தரும் 15,000 ரூபாயும் குழந்தையின் பெயரில் மறுவாழ்வு நிதியில் சேர வேண்டும். வழக்குப் பதியாவிட்டால் அபராதமும் இல்லை, அந்தப் பணத்தைக் கேட்க ஆளும் இருப்பதில்லை.