அலாய் வீலுக்கு ஏன் வயதாக வேண்டும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், அலாய் வீல் எனப்படும் அலுமினியக் கலவைச் சக்கரங்களை வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை பார்க்கிறேன். அங்கே கோவையிலிருந்து ஓர் உலை வந்தது. கூடவே தமிழில் ஒரு கையேடு. ஆசையாகப் பிரித்தால், 'வயதாக்கும் உலை: 160 டிகிரி, 4 மணி நேரம்' என்று இருந்தது. காணொளிகளில் இதே சொல்லைக் கேட்டுக் காது புளித்துப்போன எனக்கு, அச்சிலும் அது வந்தது பொறுக்கவில்லை.

'ஏஜிங்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததுதான் இது. அதற்கு மூலம் 'ஏஜ்', அதாவது வயது. சரி, உலோகத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? ஜெர்மனியில் ஆல்ஃபிரட் வில்ம் 1906 வாக்கில், செம்பும் மெக்னீசியமும் கலந்த அலுமினியத்தைச் சூடாக்கித் தண்ணீரில் தோய்த்தார். எஃகைப் போல அது உடனே கெட்டிப்படவில்லை. சில நாள் கழித்து அளந்தபோதுதான் கெட்டிப்பட்டிருந்தது. நாள்பட நடந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வீல்களுக்கு ஏ356 உலோகக்கலவை: அலுமினியத்தில் சுமார் 7 விழுக்காடு சிலிக்கன், மெக்னீசியம் அரை விழுக்காட்டுக்கும் கீழே. ஏறக்குறைய 540 டிகிரியில் சில மணி நேரம் வைத்தால், அலுமினியம் உருகாமலே மெக்னீசியம் அதற்குள் கரைகிறது. உடனே வெந்நீரில் முக்கினால் கரைந்தது பிரிய நேரமின்றி உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. கொல்லர் தோய்த்த அரிவாள் அந்தக் கணமே கெட்டியாகிவிடும். இதுவோ இப்போது மெத்தென்றுதான் இருக்கும். பிறகு 160 டிகிரியில் வைக்கும்போது மெக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்து மிக நுண்ணிய துகள்களாகத் திரண்டு, உலோக அடுக்குகள் வழுக்காமல் தடுக்கின்றன. வலு அப்போதுதான் வருகிறது. கரைப்பது, முக்குவது, மறுபடி சூட்டில் வைப்பது என்ற இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் தொழிலில் டி6 என்கிறார்கள்.

இதற்குப் போய் 'வயதாக்கல்', 'முதுமையாக்கல்'! 'வயது' வடமொழி வழி வந்தது என்பதற்காகக் கோபப்படவில்லை. தமிழில் வயதானது என்றால் தளர்ந்தது. ரப்பர் குழாய் வெயிலில் வெடித்துப்போவதையும் ஆங்கிலத்தில் 'ஏஜிங்' என்றுதான் சொல்கிறார்கள். அங்கே கெடுகிறது, இங்கே உறுதிப்படுகிறது. அவர்களிடம் இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், நாமும் ஏன் அந்தக் குழப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டும்? ரப்பருக்கு மூப்பு, அலுமினியத்துக்கு முதிர்வு. முதுமை, மூப்பு, முதிர்வு எல்லாம் ஒரே குடும்பத்துச் சொற்கள்தான், ஆனால் குணம் வேறு. வங்கியில் போட்ட பணம்கூட முதிர்கிறது, யாரும் அதற்கு வயதாகிவிட்டது என்பதில்லை.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி இன்னொரு சொல் தந்தார். அங்குள்ள 'பங்களாதேஷ் மார்க்கெட்' என்ற சந்தையில் வெண்டைக்காயின் நுனியை அவர் ஒடித்துப் பார்க்க, அது வளைந்ததே தவிர ஒடியவில்லை. "முத்திப்போச்சு தம்பி, நீ சொல்றதும் இதுதானே?" என்றார். முற்றவைத்தல்! நாள்பட்டுக் கெட்டியாவதற்கு இதைவிட நல்ல சொல் ஏது? ஒரு வாரம் அதையே பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் ஒரு சிக்கல். உலையில் அளவுக்கு மேல் வைத்தால் துகள்கள் பருத்து, வீல் திரும்பவும் மெத்தென்றாகிவிடும். வெண்டைக்காய் முற்ற முற்ற நார்தான், ஒருநாளும் இளகாது. பழமோ முதிர்ந்து, கனிந்து, கடைசியில் அளிந்துபோகும். உலோகம் போகும் வழியும் அதுவே. அதனால் முதிர்வித்தல், முன்னால் எடுத்தால் குறைமுதிர்வு, தாண்டிப்போனால் மிகைமுதிர்வு. ஆச்சிக்கு இதில் சம்மதமில்லை.

கையேட்டை எழுதியவர் உலையின் கதவைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார். அகராதியைத்தான் திறந்திருக்கிறார். மெக்னீசியத்தைக் கரைக்கும் முதல் படிக்கு ஆங்கிலத்தில் 'சொல்யூஷன் ட்ரீட்மென்ட்' என்று பெயர். அவர் வைத்த பெயர் 'தீர்வுச் சிகிச்சை'. 'சொல்யூஷன்' என்றதும் கணக்குக்கு விடை காணக் கிளம்பிவிட்டார். மெக்னீசியம் கரைவது கண்ணில் படவில்லை. 'ட்ரீட்மென்ட்' என்றதும் வீலுக்குக் காய்ச்சல். தோலைப் பதனிடுகிறோமே, அதேபோல வெப்பப் பதனிடல், கரைப்புப் பதனிடல் என்றால் போதாதா? இப்படித் தப்பான தமிழுக்குப் பேசாமல் 'ஏஜிங்' என்றே எழுதிவிட்டுப் போகலாம்.

கதவில் 'முதிர்வு உலை' என்று தாள் ஒட்டினேன். ஓசூரிலிருந்து வந்த தம்பி அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தான். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, "அண்ணே, ஏஜிங் முடிஞ்சுது, எடுத்துடலாமா?" என்றான்.