அப்பிள் தொக்கைப் போத்தலில் அடைத்து அலுமாரியில் வைக்கலாமா?

செப்ரெம்பர் பிறந்தால் ஒன்ராறியோவில் அப்பிள் பிடுங்கும் காலம். கிளாரிங்டன், மில்ரன், ஜோர்ஜியன் குடாப் பக்கத் தோட்டங்களில் வார இறுதிகளில் எங்கள் ஆக்களைக் காணாமல் திரும்ப முடியாது. பைக்குத்தான் விலை என்பதால் கொள்ளுமட்டும் நிரப்பிக்கொண்டு வருகிறோம். அத்தனை பழத்தையும் என்ன செய்வது என்ற யோசனை வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்குகிறது. வீட்டில் உணவைப் பதனிடுவது பற்றி நான் வகுப்பு எடுக்கிறேன். இந்தப் பருவத்தில் திரும்பத் திரும்ப என்னிடம் வரும் கேள்வி இது: "உள்ளி, இஞ்சி, பச்சைமிளகாய் போட்டு அப்பிள் தொக்கு செய்து, மேலே எண்ணெய் நிற்க விட்டுப் போத்தலில் அடைத்தால் வருடம் முழுக்க இருக்குமா?"

அப்படி அடைத்து அலுமாரியில் வைக்கவே கூடாது. பிரிட்ஜில் வைத்துச் சில நாட்களில் முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஃபிரீசரில் போடுங்கள்.

தனி அப்பிள் போத்தலில் அடைக்க மிக நல்ல பழம். காரணம் அதன் புளிப்பு. புளிப்பை அளக்கும் பி.எச். கணக்கில் அப்பிள் ஏறக்குறைய 3.3 முதல் 4 வரை நிற்கும். எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும். குளோஸ்ரீடியம் பொட்டுலினம் என்ற கிருமி 4.6க்குக் கீழே வளராது. மண்ணில் எங்கும் இருக்கிற கிருமி இது. அதன் வித்துகள் கொதிநீரில் மணிக்கணக்காகக் கிடந்தாலும் சாகாது. காற்றில்லாத இடம், குறைந்த புளிப்பு, அறை வெப்பம் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் அந்த வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. மூடி இறுகிய போத்தலுக்குள் காற்று இருக்காது. எண்ணெய்க்கு அடியிலும் அப்படித்தான். அப்பிள் போத்தலில் எங்களைக் காப்பாற்றுவது அந்தப் புளிப்பு ஒன்றுதான். உள்ளி, வெங்காயம், இஞ்சி, பச்சைமிளகாய் எல்லாம் புளிப்புக் குறைந்தவை. அவற்றை அள்ளிப்போட்டால் அந்தக் காவலை நாங்களே தளர்த்துகிறோம்.

1985இல் வன்கூவரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு அந்தக் கிருமியின் நஞ்சால் வரும் பொட்டுலிசம் என்ற நோய் வந்தது. எண்ணெயில் போட்டு அடைத்த நறுக்கிய உள்ளிதான் காரணம். பிரிட்ஜில் வைக்கவேண்டிய போத்தல் வெளியே இருந்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் பிரிந்து போய்விட்டதாலும், நோய் வேறு நோய்களைப் போலத் தோன்றியதாலும் காரணத்தைக் கண்டுபிடிக்க நாள் எடுத்தது. எண்ணெயும் உள்ளியும் எங்கள் சமையலின் உயிர் என்பதால் வகுப்பில் இதை நான் சொல்லாமல் விடுவதில்லை.

"ஊரில் அம்மா தேசிக்காய் ஊறுகாய்க்கு எண்ணெய் விட்டுத்தானே வைப்பா, ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லையே" என்று கேட்பார்கள். சரியான கேள்வி. தேசிக்காய் அப்பிளைவிடப் பல மடங்கு புளிப்பு. அதோடு அம்மா கைநிறைய உப்புப் போட்டா, நாள்கணக்கில் வெயிலில் காயவைத்து ஈரத்தை இழுத்தா. இனிப்பு அப்பிளை, அளவான உப்போடு, சாறு வற்றாமல் அடைக்கும்போது அந்தப் பாதுகாப்பில் ஒன்றுகூட இல்லை.

அப்பிள் சட்னியை அடைத்து வைக்கத்தான் வேண்டும் என்றால், பரிசோதித்த செய்முறை ஒன்றை எடுங்கள். 5 சதவீதப் புளிப்புள்ள வினாகிரி எவ்வளவு என்று அதில் இருக்கும். அந்த அளவைக் குறைக்காதீர்கள், உள்ளி வெங்காயத்தின் அளவைக் கூட்டாதீர்கள். கறுவா, சீரகம், மிளகாய்த்தூள் போன்ற காய்ந்த சரக்குகளை உங்கள் வாய்க்கு ஏற்ப மாற்றலாம். அவற்றால் புளிப்பு மாறாது.

இன்னொன்று, போத்தலுக்குள் கேக். ஜாடியில் மாக்கலவையை ஊற்றி ஒவனில் சுட்டு, சூட்டோடு மூடியை இறுக்கி, நன்றி நவிலல் நாளுக்குப் பரிசாகக் கொடுக்கிற பழக்கம் பரவியிருக்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் அப்பிள் கேக்கில் அப்பிளைவிட மா, முட்டை, சீனிதான் அதிகம். புளிப்புப் போதாது, ஈரம் இருக்கிறது, மூடிக்குள் காற்று இல்லை. தயவுசெய்து செய்யாதீர்கள். அப்பிள் பை (pie) சுடுவதற்கான உள்ளீட்டை அடைப்பவர்கள் கோதுமை மாவோ சோளமாவோ போட்டுத் தடிப்பாக்கக் கூடாது. கலவை கெட்டியானால் சூடு நடுவுக்குப் போய்ச் சேராது. இதற்கென்று கிளியர்ஜெல் என்ற மாச்சத்து விற்கிறது. அது கிடைக்காவிட்டால் பழத்தை மட்டும் அடைத்து வைத்து, பை செய்கிற அன்று மாச் சேருங்கள்.

முதல்முறை அடைப்பவர்களுக்கு நான் சொல்வது அப்பிள் சோஸ். அதற்கு மக்கின்ரோஷ் போல ஒன்றில்லை. 1811இல் ஒன்ராறியோவின் டண்டெலாவில் ஜோன் மக்கின்ரோஷ் கண்டெடுத்த கன்றுகளின் வழிவந்த பழம் அது. சட்டியில் கொஞ்சத் தண்ணீரோடு வைத்தால் தானாகவே கரைந்து குழையும். நன்றாகக் கொதிக்கும்போதே சூடான போத்தலில், மேலே ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட இடம்விட்டு ஊற்றுங்கள். காற்றுக் குமிழிகளைக் கரண்டிக் காம்பால் கிளறி வெளியேற்றி, விளிம்பைத் துடைத்து, புதுத் தட்டை மூடி போட்டு, வளையத்தை விரல்நுனி இறுக்கத்துக்குத் திருகுங்கள். வளையம் பழையதாக இருக்கலாம், தட்டை மூடி ஒருமுறைக்குத்தான். போத்தல்களைப் பெரிய பானைச் சுடுதண்ணீருக்குள் இறக்குங்கள், அவற்றுக்கு மேலே 2.5 சென்ரிமீற்றர் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் திரும்பக் கொதிக்கத் தொடங்கிய பிறகுதான் நேரம் கணக்கு: ஒரு லீற்றர் வரையான போத்தல்களுக்கு 20 நிமிடம். கல்கரியில் இருப்பவர்கள் 10 நிமிடம் கூட்டுங்கள். அங்கே ஊர் கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீற்றருக்கு மேலே இருப்பதால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஒருநாள் அசைக்காமல் விட்டு, மூடியின் நடுவை அமர்த்திப் பாருங்கள். உள்வாங்கி அசையாமல் இருந்தால் இறுகிவிட்டது. மேலும் கீழும் அசைந்தால் அந்தப் போத்தல் பிரிட்ஜுக்கு.

சூட்டோடு ஊற்றிக் கவிழ்த்து வைத்தால் போதும் என்பார்கள். கவிழ்த்த போத்தலின் மூடியும் இறுகும், அதனால்தான் நம்பிவிடுகிறோம். ஆனால் உள்ளே மிஞ்சிய பூஞ்சணம் சாகாது. பூஞ்சணம் வளர்ந்தால் பழத்தின் புளிப்பைத் தின்றுவிடும், புளிப்புப் போனால் பொட்டுலினம் கிருமிக்கு வழி திறக்கும். ஆகவே மேலே பூஞ்சணம் கண்ட போத்தலை வழித்தெடுத்துச் சாப்பிடாமல் முழுதாக எறிந்துவிடுங்கள்.

அழுகலும் அப்படித்தான். அடிபட்டு மண்ணிறமான இடத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பாவிக்கலாம். நீலப் பூஞ்சணம் பிடித்து மெத்தென்று அழுகிய பழம் வேறு. அதில் பட்டுலின் என்ற நஞ்சு இருக்கக்கூடும். சமையல் சூடு அதை முழுதாக அழிக்காது. அப்பிள் சாற்றில் அது கிலோவுக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று பல நாடுகள் எல்லை வைத்திருக்கின்றன. அழுகிய பழங்களைச் சோஸில் கரைத்துவிடலாம் என்ற சிக்கனம் வேண்டாம். நிலத்தில் விழுந்த பழங்களையும் விட்டுவிடுங்கள், தோட்டங்களில் மான் நடமாட்டம் உண்டு, அவற்றின் எச்சத்தில் ஈ. கோலை என்ற கிருமி இருக்கக்கூடும். 1996இல் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் சூடாக்காத அப்பிள் சாற்றால் ஈ. கோலை பரவி, கொலராடோவில் ஒரு குழந்தை இறந்தது. தோட்டத்துக் கடையில் சைடர் என்ற அப்பிள் சாறு வாங்கினால், பாஸ்சரைஸ் செய்ததா, அதாவது கிருமி சாகச் சூடாக்கியதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் கொதிக்கவைத்துக் கொடுங்கள்.

பை சுடுவதற்கு மக்கின்ரோஷை மட்டும் நம்பினால் உள்ளே களியாகிவிடும். நோர்தேர்ன் ஸ்பை என்ற அப்பிள் வகை கிடைத்தால் விடாதீர்கள். ஒக்ரோபரில் பிந்தி வரும், துண்டு துண்டாக நிற்கும். வெட்டிய பழத்தைச் சீனியோடு மெல்லிய சூட்டில், 60 முதல் 70 பாகை செல்சியசில், பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டுச் சுட்டால் துண்டுகள் இன்னும் உறுதியாக இருக்கும். அந்தச் சூட்டில் பழத்தின் பெக்டின் இறுகுவதுதான் காரணம். பிள்ளைகள் பச்சை மாவை நக்க விடாதீர்கள். 2016 கடைசியில் தொடங்கி கனடாவில் பல மாகாணங்களில் ஈ. கோலை பரவியது கோதுமை மாவால். முட்டையும் பாலும் சேராத அப்பிள் பை மேசையில் இரண்டு நாள் இருக்கலாம், கஸ்ரட் சேர்ந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குப் போகவேண்டும்.

வீட்டில் அடைத்த எதையாவது சாப்பிட்ட பிறகு பார்வை இரண்டாகத் தெரிந்தால், இமை தொங்கினால், நாக்குக் குழறினால், விழுங்கக் கடினமாக இருந்தால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். பெரும்பாலும் 12 முதல் 36 மணித்தியாலத்துக்குள் தெரியும், சிலவேளை நாட்கள் கழித்தும் வரும். என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். பொட்டுலிசத்துக்கு மருந்து இருக்கிறது, எவ்வளவு முந்திக் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

உங்கள் கைப்பக்குவத்துத் தொக்கை ஆசைதீரச் செய்யுங்கள். ஆறியதும் சிறிய டப்பாக்களில் பிரித்து, திகதி எழுதி, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையில் உறையவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். உறைந்ததை மேசையில் விடாமல், முதல் நாள் இரவே பிரிட்ஜுக்கு மாற்றி இளகவிடுங்கள்.