அரசகரும மொழியா, ஆட்சிமொழியா?

மட்டக்களப்பில் மொழியுரிமைக் கூட்டம் எதற்குப் போனாலும் ‘தமிழும் இந்நாட்டின் ஆட்சிமொழி’ என்றுதான் காதில் விழுகிறது. பதாகையிலும் அதுதான், மறுநாள் செய்தியிலும் அதுதான். இலங்கை அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை பேசுவதோ அரசகரும மொழியைப் பற்றி.

கருமம், வடமொழிக் கர்மத்தின் தமிழ் வடிவம். செயல், வேலை, அலுவல் என்று பொருள். ‘தத்தம் கருமமே கட்டளைக்கல்’ என்று குறளே ஆண்ட பிறகு வடசொல் என்று ஒதுக்க ஒன்றுமில்லை. அரசோடு நமக்குள்ள அலுவல் அரசகருமம். அது நடக்கும் மொழி அரசகரும மொழி. அவ்வளவுதான்.

அப்புறம் ஏன் ஆட்சிமொழி? எல்லாம் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி செய்த வேலை. அங்கே ‘கருமம்’ என்றால் தலையில் அடித்துக்கொண்டு சொல்லும் சொல். அந்தக் கூச்சம் இங்கும் தொற்றிவிட்டது. வங்கியில் ‘கருமபீடம்’ (கவுன்டர்) என்ற பலகைக்குக் கீழே வரிசையில் நிற்கும்போது மட்டும் யாருக்கும் கூச்சம் வருவதில்லை!

ஆட்சிமொழி அவர்களுக்குப் பொருந்தும். 1956இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் அங்கே தமிழை அரசின் மொழியாக்கியது. அதே 1956இல் இங்கே வந்த 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அமர்த்தியது. 1987இல், 13ஆம் திருத்தத்தோடுதான் ‘தமிழும்’ என்ற அந்த உம்மை கிடைத்தது. ஆங்கிலம் இணைப்பு மொழி. 19ஆம் உறுப்புரையில் தேசிய மொழிகள். 22ஆம் உறுப்புரையில் நிருவாக மொழி: 1988இன் 16ஆம் திருத்தப்படி வடக்கு கிழக்கில் தமிழ், மற்ற மாகாணங்களில் சிங்களம். சரி, ‘கிழக்கின் ஆட்சிமொழி தமிழ்’ என்று ஒருவர் எழுதினால் 18ஐச் சொல்கிறாரா, 22ஐச் சொல்கிறாரா? எழுதியவரைக் கேட்டால் அவருக்கும் தெரியாது.

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் ஒருவருக்குக் காணி விசயமாகச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருகிறது என்று வையுங்கள். தெரிந்த கடைக்காரரிடம் நீட்டி, ‘தம்பி, என்ன எழுதியிருக்கு?’ என்று கேட்கிறார். அவருக்கு வேண்டியது ஆட்சியல்ல, தன் கருமம் தமிழில் முடிவது. 22ஆம் உறுப்புரை அவருக்குத் தரும் உரிமையும் அதுதான். மட்டக்களப்பில் இருக்கும் சிங்களவர் சிங்களத்தில் தன் அலுவலை முடிக்கவும் அதே உறுப்புரை இடங்கொடுக்கிறது. அவரிடம் போய் ‘இங்கே உங்கள் மொழியின் ஆட்சியும் உண்டு’ என்றா சொல்வது? ஆட்சி என்றாலே ஆள்பவர் ஒருவர், ஆளப்படுபவர் ஒருவர். கருமத்தில் கருமபீடத்தின் இரண்டு பக்கமும் ஆள் உண்டு.

‘உத்தியோகபூர்வ மொழி’ என்போரும் இருக்கிறார்கள். அமைச்சரின் விஜயம், வீரரின் சீருடை, கட்சியின் முகநூல் பக்கம் எல்லாமே உத்தியோகபூர்வம் ஆகிவிட்ட காலத்தில் மொழி மட்டும் தப்புமா? மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறார்கள். சட்டத்தின் தமிழ்ப் படியைப் புரட்டுவதில்லை.

இன்னொன்று, அரசகரும என்று சேர்த்தே எழுதுங்கள். போன மாதம் ஒரு பதாகையில் ‘அரச’ மேல் வரியில், ‘கரும மொழி’ கீழ் வரியில். சென்னைக்காரர் யாராவது பார்த்திருந்தால் படம் பிடித்திருப்பார்.