சுடுகாட்டுப் பூவும் உபயதாரர்களும்

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் காலை நடைக்குப் போகும்போது நித்தியகல்யாணிப் பூ நாலைப் பறித்து வாயில் போட்டுக்கொள்வார். சர்க்கரைக்கு நல்லதாம். சுடுகாட்டுப் பூ என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. யாரும் தண்ணீர் ஊற்றாமலே சமாதி ஓரத்தில் பூத்து நிற்கும். வேண்டாம் ஐயா என்று சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்பதாக இல்லை. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின் என்ற மருந்து அந்தச் செடியிலிருந்துதான் வருகிறது. விளையாட்டாக மெல்லுகிற சரக்கு இல்லை அது.

வேடிக்கை என்னவென்றால், மருந்து கிடைத்ததும் இதே சர்க்கரை நம்பிக்கையால்தான். ஜமைக்காவிலும் அந்த இலையைக் காய்ச்சிக் குடிப்பார்கள். 1950களில் அது கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துக்குப் போனது. ராபர்ட் நோபிளும் சார்லஸ் பீரும் சாற்றை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை; வெள்ளை அணுக்கள் மளமளவென்று இறங்கின. வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்! அதே செடியிலிருந்து எடுத்த வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அது என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: தறியில் ஏற்றும் முன் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற திறந்தவெளி. செல் இரண்டாகப் பிரியும்போது அதற்குள்ளும் ஒரு பாவு கட்டப்படுகிறது. இரண்டு முனைகளிலிருந்தும் இழைகள் நீண்டு வந்து, நடுவில் நிற்கும் குரோமோசோம்களைப் பற்றி ஆளுக்குப் பாதியாக இழுத்துக்கொள்ளும். அந்த இழை டியூபுலின் என்ற புரதத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்தது. வின்கிரிஸ்டின் போய் அந்தத் துண்டில் ஒட்டிக்கொள்கிறது; அடுத்த துண்டு வந்து சேர முடிவதில்லை. பாவு ஓடாது. குரோமோசோம்கள் இழுப்பார் இல்லாமல் நடுவிலேயே நிற்க, பிரியவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் செல் செத்துப்போகிறது. ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் புற்று செல்களுக்குத்தான் முதல் அடி.

ஆனால் அதே இழைகள் நரம்புகளிலும் இருக்கின்றன. அங்கே அவை தண்டவாளம் மாதிரி: முதுகுத் தண்டிலிருந்து கால் விரல் வரை சரக்கு போவது அவற்றின் மேல்தான். அதனால்தான் இந்த மருந்து ஏறிய பிள்ளைகளுக்குக் கால் மரத்துப்போகிறது, பாதம் தொங்குகிறது, மலச்சிக்கல் வருகிறது. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று கணக்கிட்டுக் கொடுப்பார்கள். உடம்பு எவ்வளவு பெரிதானாலும் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை.

இந்த 1.5ஐயும் 2ஐயும் யார் கண்டுபிடித்தது, அதற்கு யார் பணம் கொடுத்தது? செடி வாசலில் சும்மா கிடைக்கிறது. எந்த அளவு, எந்த மருந்தோடு, எந்த வாரத்தில், எத்தனை வருடம் என்கிற விவரம்தான் விலை கூடியது. ஒற்றை மருந்தால் ரத்தப் புற்றுநோய் சில மாதம் பதுங்கும், பிறகு திரும்பிவிடும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் அதை 1948இலேயே பார்த்துவிட்டார். அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேர் தேறினார்கள், தேறியது நிலைக்கவில்லை. (அந்த மருந்து வந்த ஆய்வகத்தில் ஆராய்ச்சியை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.) நாலைந்து மருந்துகளைச் சேர்த்து, வரிசையை மாற்றி மாற்றி, நூற்றுக்கணக்கான குழந்தைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே குணம் என்ற சொல்லை மருத்துவர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள்.

மருந்து நிறுவனத்துக்கு இதில் லாபக் கணக்கு உதைக்கும். புற்றுநோய் வரும் பிள்ளைகள் உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் பேர், பத்தொன்பது வயது வரை எல்லாரையும் சேர்த்து. அதையும் பல வகை நோய்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் சந்தை சிறிது. அதனால் பணம் திரட்ட ஃபார்பர் வானொலிக்குப் போனார். 1948 மே மாதம், ஜிம்மி என்று பெயர் மாற்றப்பட்ட ஒரு சிறுவனின் படுக்கையிலிருந்து நிகழ்ச்சி ஒலிபரப்பானது. ஆராய்ச்சிக்கு 20,000 டாலர் சேர்ந்தால் அவனுக்கு ஒரு டிவி என்றார்கள். 2 லட்சத்துக்கு மேல் வந்து குவிந்தது. பையன் இறந்திருப்பான் என்றே பலரும் நினைத்திருக்க, ஐம்பது வருடம் கழித்து வந்து நின்றார், லாரி ஓட்டுநராக. லாரிக்குப் பேர்போன நம் சங்ககிரிப் பக்கத்து ஆள் போல!

உண்டியல் ஆராய்ச்சியைத் தொடங்கி வைக்கும். பெரிய நிறுவனத்தைத் திருப்ப அதனால் முடியாது. அதற்குச் சட்டம் வேண்டும். அமெரிக்காவில் ஒரு காலத்தில், நுரையீரல் புற்றுநோய் மருந்தைக் குழந்தைகளிடம் சோதிக்க வேண்டாம் என்று எளிதாக விலக்கு வாங்கிவிடலாம். அந்த நோய் குழந்தைகளுக்கு வருவதில்லை அல்லவா? 2017இல் வந்த சட்டம் கேள்வியை மாற்றியது. எந்த உறுப்பு என்று பார்க்காதே, மருந்து எந்த மூலக்கூறைத் தாக்குகிறது என்று பார். ஏஎல்கே என்ற புரதம் பெரியவர்களின் சில நுரையீரல் புற்றிலும் உண்டு, சிறு குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா சிலவற்றிலும் உண்டு. இலக்கு பொதுவானால் குழந்தைகளுக்கான ஆய்வும் நடத்தியாக வேண்டும். 2020 ஆகஸ்டிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது.

நம் பக்கம் உண்டியலும் சட்டமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தன. சென்னை மாகாணச் சட்டசபையில் உட்கார்ந்து சட்டம் பேசிய முத்துலட்சுமி ரெட்டிதான், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, நன்கொடை திரட்டி 1954இல் அடையாறில் 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். 1980களில் மும்பை, டெல்லி மருத்துவமனைகளோடு சேர்ந்து அடையாறும் ரத்தப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சை முறையைப் பின்பற்றிப் பார்த்தது. இன்று 2013 கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்குகின்றன. அந்தப் பணம் கட்டடத்துக்குத்தான் சுலபமாகப் போகும் என்பது என் எண்ணம். டியூப் லைட்டில்கூட உபயம் எழுதி வெளிச்சத்தை மறைக்கிற ஊர் நம்முடையது. நோயாளி விவரம் பதிகிற ஊழியரின் சம்பளத்தில் எங்கே பெயர் எழுதுவது?

பஸ் காசும் அப்படித்தான். ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் இழுக்கும். சேலம் பக்கத்து இளம்பிள்ளை ஊரில் தறி ஓட்டுகிற அப்பா சென்னைக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. நாலு தடவை போவார், ஐந்தாம் தடவை நின்றுவிடுவார். குழந்தை கைவிட்டுப் போவது ஒரு பக்கம்; ஆய்வும் கெடுகிறது. மருந்து தோற்றதா, டிக்கெட் காசு தோற்றதா என்று கணக்கில் தெரியாது. அதனால் தங்குமிடத்துக்கும் பயணத்துக்கும் கொடுக்கும் பணத்தை நான் ஆராய்ச்சிச் செலவில்தான் சேர்ப்பேன். சேலத்திலிருந்து இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணம் இல்லை, கூடப் போகிற ஒருவருக்கு முக்கால்வாசி தள்ளுபடி. வீட்டில் விட்டுவர ஆளில்லாத தம்பிப் பாப்பாவுக்கு ஐந்து வயது ஆகிவிட்டால், அவனுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்.