முதல் புள்ளியை அழிக்காதீர்கள்

பள்ளி ஆய்வகத்தில் தாங்கியில் ஒரு சுருள்வில்லைத் தொங்கவிடுகிறோம். அதன் அடியில் ஒரு குறிமுள், பக்கத்தில் அளவுகோல். எடைதாங்கியோடு சேர்த்து 50 கிராம் மாட்டினால் முள் அசையவே இல்லை. 100 கிராமுக்கு 1.5 செ.மீ. இறங்குகிறது. 150-க்கு 3.5, 200-க்கு 5.5. அதாவது, நகரத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு 50 கிராமுக்கும் ஒழுங்காக 2 செ.மீ.

வரைபடத்தில் மற்ற புள்ளிகள் ஒரே கோட்டில் வர, முதல் புள்ளி மட்டும் விலகி நிற்கும். பல மாணவர்கள் அதை அழித்துவிட்டு, கோட்டைத் தொடக்கப்புள்ளி (இரு அச்சுகளும் சந்திக்கும் சுழி) வழியாக இழுத்துவிடுகிறார்கள். அழிக்கவே கூடாது. ஸ்பிரிங் எப்படிச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும் புள்ளி அது. வளையங்கள் ஒட்டியிருக்கும் ஸ்பிரிங்கைச் சுற்றும்போதே கம்பியை இறுக்கிச் சுற்றுகிறார்கள். அதனால் எடை எதுவும் இல்லாதபோதும் வளையங்கள் ஒன்றையொன்று நெருக்கிப் பிடித்திருக்கும். அந்தப் பிடி விடும் வரை நீட்சி இல்லை. கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பாருங்கள்: எடை அச்சை ஏறக்குறைய 62 கிராமில் வெட்டும். பிடியின் அளவு சுமார் 0.6 நியூட்டன் என்று கிடைத்துவிட்டது.

சாய்விலும் இது முக்கியம். 50 கிராமின் எடை 0.49 நியூட்டன், அது 0.02 மீட்டர் நீட்டுகிறது என்றால் சுருள் மாறிலி, அதாவது ஸ்பிரிங்கின் விறைப்பு, மீட்டருக்கு சுமார் 25 நியூட்டன். தொடக்கப்புள்ளியையும் 200 கிராம் புள்ளியையும் இணைத்துக் கணக்கிட்டால் 36 வரும். ஒரு புள்ளியை அழித்ததற்கு இவ்வளவு பிழை!

விசைக்கு ஏற்ற நீட்சி என்ற இந்த உறவை ராபர்ட் ஹூக் 1676-ல் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். விடையை 1678-ல்தான் சொன்னார்: 'உட் டென்சியோ, சிக் விஸ்', நீட்சி எப்படியோ விசையும் அப்படியே.

சரி, ஸ்பிரிங்கில் உண்மையில் நீள்வது எது? கம்பி நீள்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் 1 மீட்டர் நீளமும் 1 மி.மீ. விட்டமும் உள்ள நேரான எஃகுக் கம்பியில் 100 கிராம் தொங்கவிட்டால், அது நீள்வது சுமார் 0.006 மி.மீ.தான். கண்ணுக்கே தெரியாது. சுருளில் நடப்பது வேறு. கீழே இழுக்கும்போது ஒவ்வொரு வளையத்திலும் கம்பி தன் அச்சைச் சுற்றிக் கொஞ்சம் முறுகுகிறது. அந்தச் சின்ன முறுக்கங்கள் வளையம் வளையமாகக் கூடித்தான் முள்ளைச் சென்டிமீட்டர் கணக்கில் இறக்குகின்றன. எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கம்பியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் ஸ்பிரிங் 16 மடங்கு விறைப்பாகும். வளையத்தின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் 8 மடங்கு இளகும். ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டினால் ஒவ்வொரு துண்டின் மாறிலியும் இரு மடங்கு, ஏனென்றால் முறுக வேண்டிய வளையங்கள் பாதிதான்.

எடைகளை ஏற்றும்போது எடுத்த அளவுகளோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொன்றாக இறக்கும்போதும் குறித்துக்கொள்ளுங்கள். இடமாறு தோற்றப்பிழை வராதபடி கண் முள்ளுக்கு நேராக இருக்கட்டும். இரண்டு வரிசைகளும் பொருந்தினால் மீட்சி எல்லைக்குள்தான், அதாவது எடையை எடுத்தால் ஸ்பிரிங் பழைய நீளத்துக்குத் திரும்பும் அளவுக்குள்தான், இருக்கிறோம். எல்லா எடையையும் எடுத்த பிறகும் முள் பழைய இடத்துக்குக் கீழேயே நின்றுவிட்டால், எஃகின் படிகங்களுக்குள் அணு அடுக்குகள் வழுக்கி நகர்ந்துவிட்டன. அந்த ஸ்பிரிங் இனித் தானாகப் பழைய நீளத்துக்குத் திரும்பாது.