"குழந்தைக்குப் புரியாது" என்று ஒரு சொல்லை வெட்டும் முன்

சிறார் கதைகளைத் திருத்திப் பதிப்புக்குத் தயார் செய்வது என் வேலை. எழுத்தாளர், ஆசிரியர், பெற்றோர் என்று யாரிடம் பேசினாலும் ஒரு கேள்வி வந்துவிடும்: "இந்தச் சொல் குழந்தைக்குப் புரியாதே, மாற்றிவிடலாமா?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் அந்த அக்கறையால் கதைகள் எவ்வளவு இளைத்துப்போகின்றன என்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

சமீபத்தில் வந்த ஒரு பிரதியில், வெளியூருக்குப் படிக்கப் போன அக்காவை நினைத்துத் தங்கை "ஏங்கினாள்" என்று இருந்தது. எளிமையாக்குகிறேன் என்று யாரோ அதை அடித்துவிட்டு "கவலைப்பட்டாள்" என்று எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று நினைத்தால் கவலை, அக்கா இப்போது பக்கத்தில் இருக்கமாட்டாளா என்று நினைத்தால் ஏக்கம். அந்தக் கதை முழுக்க இரண்டாவதைப் பற்றியது! அதே பிரதியில் குமைந்தான், நொந்துகொண்டான், சோர்ந்துபோனான் எல்லாமே "சோகமாக இருந்தான்" ஆகியிருந்தன. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த உணர்வுகள் எல்லாம் உண்டு, அவற்றுக்குப் பெயர்தான் தெரியாது. அந்தப் பெயரைக் கதை கொடுக்காவிட்டால் வேறு எங்கே கிடைக்கும்?

வீட்டுப் பேச்சில் கிடைத்துவிடும் என்று நம்ப வேண்டாம். ஹேய்ஸ், ஆரென்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1988இல் ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தார்கள். கல்லூரி படித்த பெரியவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொள்ளும்போது ஆயிரம் சொல்லுக்குச் சுமார் 17 அரிய சொற்கள்தான் வந்தன, சிறார் புத்தகங்களில் சுமார் 31. பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் இருக்கிற தமிழில், புத்தகத்தின் பொறுப்பு இன்னும் கூடுதல் என்றே நினைக்கிறேன்.

சரி, அதற்காகக் கடினமான சொற்களை அள்ளிக் கொட்டலாமா என்றால், கூடாது. "அந்தகாரம் சூழ்ந்த வனாந்தரத்தில் அவன் திகைப்புற்று நின்றனன்" என்று எழுதினால், எந்தச் சொல்லுக்கும் பக்கத்துச் சொல் கைகொடுக்காது, பிள்ளை அந்த வரியையே தாண்டிப் போய்விடும். இதையே, "காட்டுக்குள் ஒரே அந்தகாரம். கையை நீட்டினால் கைகூட அவனுக்குத் தெரியவில்லை" என்று மாற்றிப் பாருங்கள். கடினமான சொல் அப்படியே இருக்கிறது, அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தெரிந்த சொற்கள், அடுத்த வரியே பொருளைக் காட்டிவிடுகிறது. ஆங்கிலச் சிறார் எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் 1909இல் வெளிவந்த தன் முயல் கதையை "சோபொரிஃபிக்" என்ற சொல்லோடுதான் தொடங்கினார். தூக்கம் வரவைப்பது என்று பொருள்; கீரை அதிகம் தின்றால் அப்படி ஆகும் என்கிறார்கள் என்பதுதான் அந்த முதல் வரி. அகராதி மாதிரி விளக்கம் எதுவும் தராமல், கீரை தின்று எனக்குத் தூக்கம் வந்ததே இல்லை, ஆனால் நான் முயல் இல்லையே என்று அடுத்த வரியிலேயே கதைசொல்லி பேசிவிடுகிறார். சின்னப் பிள்ளைகளுக்கான கதையின் முதல் வரியிலேயே இதைச் செய்ய முடிந்திருக்கிறது.

சொல்லைச் சுற்றியுள்ள வரி தவறான பக்கம் இழுத்துப்போவதும் உண்டு, நான் பிரதிகளில் அதிகம் கவனிப்பது இதைத்தான். "'ஆகா, ரொம்ப நல்ல வேலை செய்தாய்' என்று ஏளனமாகச் சொன்னாள் அத்தை." ஏளனம் தெரியாத பிள்ளை, அத்தை பாராட்டுகிறாள் என்றே எடுத்துக்கொள்ளும். அடுத்து அந்தப் பையன் ஏன் அழுகிறான் என்று புரியாமல் முழிக்கும். இங்கே சொல்லை வெட்டத் தேவையில்லை. அத்தை உதட்டைச் சுழித்தாள், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள் என்று ஒரு வரி முன்னால் வந்தால் போதும்.

இன்னொன்று, ஒரு சொல் ஒரே ஒருமுறை வந்துவிட்டுப் போனால் பெரும்பாலும் மனதில் தங்காது. ஸ்வான்போர்ன், டி க்ளாப்பர் இருவரும் 1999இல் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தானாகப் படிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தைத்தான் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள் என்று தெரிந்தது. அதனால் எழுத்தாளர்களிடம் நான் கேட்பது, புதிய சொற்களைக் குறைவாகத் தேர்ந்தெடுங்கள், ஆனால் தேர்ந்தெடுத்ததை இரண்டாம் அத்தியாயத்தில் ஒருமுறை, ஐந்தாம் அத்தியாயத்தில் வேறொருவர் வாயில் இன்னொரு முறை வரவிடுங்கள் என்பதுதான்.

அடைப்புக்குறிக்குள் பொருள் தருவது எனக்குப் பிடிக்காது. கதை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் பாடப்புத்தகம் எட்டிப் பார்க்கிறது. கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல் இருக்கட்டும், தேடுகிற பிள்ளை தேடிக்கொள்ளும்.

அப்புறம், பெரியவர்கள் வாசித்துக் காட்டும் கதைக்கும் பிள்ளை தானே படிக்கும் கதைக்கும் ஒரே அளவுகோலை வைக்காதீர்கள். வாசித்துக் காட்டும்போது குரலும் முகமும் பாதிப் பொருளைச் சொல்லிவிடும் என்பதால் அங்கே இன்னும் துணிச்சலாகவே எழுதலாம். தானே எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கோ, "போய்க்கொண்டிருந்தபோதிலும்கூட" என்று ஒட்டி நீளும் சொல்தான் பெரிய தடை. அந்தச் சொல்லின் பொருள் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும், ஆனால் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். "எளிமையாக்கினேன்" என்று வரும் பிரதிகளில் ஏக்கமும் ஏளனமும் காணாமல் போயிருக்கும், இந்த நீளங்கள் மட்டும் அப்படியே இருக்கும். முதலில் உடைக்க வேண்டியது இவற்றைத்தான்.